முத்துப்பட்டனை வரைதல்: சில குறிப்புகள்

முத்துப்பட்டன் கதையைப் படப் புத்தகமாக வரைய எடுத்துக்கொண்டிருக்கிறேன். தென்மாவட்டங்களில் வில்லுப்பாட்டாகப் பாடுகிற கதை. கேட்டிராதவர்களுக்காகச் சுருக்கம்: பிராமண இளைஞன் முத்துப்பட்டன் அண்ணன்மாரோடு பிணங்கிக்கொண்டு கொட்டாரக்கரை அரசனிடம் வேலைக்குப் போகிறான். திரும்பி வரும் வழியில் காட்டுக்குள் பாட்டுச் சத்தம் கேட்கிறது. பாடியவர்கள் பொம்மக்கா, திம்மக்கா. வாலப்பகடையின் மகள்கள். செருப்புத் தைக்கிற குடும்பம். கட்டினால் இவர்களைத்தான் கட்டுவேன் என்கிறான். பகடை நிபந்தனை போடுகிறார்: பூணூலை அறு, குடுமியை எடு, செருப்புத் தைக்கப் பழகு. மூன்றையும் செய்கிறான். கல்யாணம் நடக்கிறது. மணக்கோலம் கலையும் முன்பே, மாடுகளைத் திருடர்கள் ஓட்டிப் போகிறார்கள் என்று செய்தி வருகிறது. போகிறான், வெட்டுகிறான், குத்துப்பட்டுச் சாகிறான். நாய் ஓடிவந்து சேதி தெரிவிக்கிறது. பெண்கள் இருவரும் சிங்கம்பட்டி ஜமீனிடம் உத்தரவு கேட்டுத் தீயில் இறங்குகிறார்கள். பாபநாசம் மலைமேல், காரையாறு சொரிமுத்து ஐயனார் கோவிலில் மூவரும் இன்று தெய்வங்கள். பட்டனுக்கு அங்கே பட்டவராயன் என்று பேர்.

*

மேசையில் நா. வானமாமலை பதிப்பித்த முத்துப்பட்டன் கதை விரிந்து கிடக்கிறது. 1970களின் தொடக்கத்தில் மதுரைப் பல்கலைக்கழகம் அவரைக் கொண்டு வரிசையாகக் கதைப்பாடல்களை வெளியிட்டது: கட்டபொம்மு, கான்சாகிபு, ஐவர் ராசாக்கள், காத்தவராயன், முத்துப்பட்டன். அந்தப் புத்தகங்கள் வராமல் போயிருந்தால் என் தலைமுறைக்கு இந்தக் கதைகள் ஆளுக்கொரு துண்டாகத்தான் கிடைத்திருக்கும்.

ஆனால் அச்சில் எல்லா வரியும் ஒரே வேகத்தில் போகிறது. கோவில் கொடை விழாவில் கேட்டால்தான், தலைமைப் பாடகரான அண்ணாவி எங்கே நிற்கிறார், எங்கே தாவுகிறார் என்று தெரிகிறது. கொட்டாரக்கரைச் சமாசாரத்தை நாலு அடியில் முடித்துவிடுவார். பகடையும் பட்டனும் பேசிக்கொள்கிற இடம் வந்தால் வில்லை அடிக்கும் வீசுகோலைத் தொடையில் சாய்த்துவிட்டு வசனமாகவே நெடுநேரம் போவார். குடம் அடிப்பவர் ஒத்துப் பேசுவார், கூட்டம் சிரிக்கும், சிலபேர் கண்ணைத் துடைப்பார்கள்.

பக்கம் பிரிக்கும் கணக்கை அங்கிருந்துதான் எடுத்தேன். அவர் நின்ற இடம் எனக்கு இரட்டைப் பக்கப் படம். அவர் தாண்டிய இடம் ஓரத்தில் ஒரு சிறு கட்டம். படக்கதை எழுதுகிறவர்கள் சண்டைக்குப் பெரிய பக்கம் கொடுப்பார்கள். பாட்டில் சண்டை சீக்கிரம் முடிந்துவிடுகிறது. செருப்புத் தைக்கக் கற்கிற இடம் முடிவதில்லை.

*

பக்கங்களை முதலில் சிறு கட்டங்களாகத் திட்டமிடும்போது நல்ல காகிதம் தொடக்கூடாது. பழைய கணக்கு நோட்டின் பின்பக்கம் போதும். தீப்பெட்டி அளவுக் கட்டம், அதற்குள் கறுப்பு எங்கே, வெள்ளை எங்கே என்பது மட்டும். முகம் வேண்டாம். அந்த அளவிலேயே கதை புரியாவிட்டால் பெரிதாக்கினாலும் புரியாது.

*

வில்லுப்பாட்டுக் குழுவைப் படத்துக்குள் கொண்டுவருவதா வேண்டாமா?

கொண்டுவருவது என்று முடிவு. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் சின்ன உருவங்களாக: நடுவில் ஆள் உயரத்தைவிட நீண்ட வில், அதில் கட்டிய மணிகள், வில்லின் முதுகோடு சேர்த்துக் கட்டிய மண்குடம், அதன் வாயில் பத்தி என்ற மட்டையால் அடிக்கிறவர், உடுக்கை, ஜால்ரா, கட்டை. வலப்பக்கம் பாடுகிறவர்கள், இடப்பக்கம் பாடுகிறவர்கள். மேலே பட்டன் செத்துக் கிடக்கும் பக்கத்தில் இவர்கள் எல்லாரும் நிமிர்ந்து ஒரே திசையில் பார்க்க வேண்டும். அந்த நேரத்தில்தான் சாமியாடி எழுந்திருப்பார். தெய்வத்தின் சாவைப் பாடும்போது அருள் வருவதை ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் 1988-இல் வந்த தன் வில்லுப்பாட்டு நூலில் விரிவாகவே எழுதியிருக்கிறார். எந்தக் கொடையிலும் நேரில் பார்க்கலாம்.

வீசுகோலை வரைவது கடினம். கையில் பிடித்த கோல் என்று வரைந்தால் மத்தளக் குச்சி ஆகிவிடும். அது கையை விட்டு மேலே போய்த் திரும்பக் கைக்கே வர வேண்டும். கோலை வரையாமல், வெறுங்கையை விரித்து, அதற்கு மேலே ஒரு கோடு. இப்போது சரியாக இருக்கிறது.

*

செருப்பு.

இந்தப் புத்தகத்தின் மையம் அதுதான். சொரிமுத்து ஐயனார் கோவிலில் பட்டவராயன் சன்னிதியில் தோல் செருப்புகள் காணிக்கையாகத் தொங்குகின்றன. பெரிய பெரிய செருப்புகள். சாமி ராத்திரியில் அவற்றைப் போட்டுக்கொண்டு காட்டைச் சுற்றி வருவார், அதனால்தான் அடித்தோல் தேய்கிறது என்பது மக்கள் நம்பிக்கை. கோவில் என்றால் செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே போகிற நாட்டில், செருப்பையே சாமிக்குக் கொடுக்கிற இடம் இது. அந்தக் காணிக்கையின் பின்னால் இந்தக் கதை இருக்கிறது என்று தெரிந்தபோதுதான் இதை வரைய வேண்டும் என்று முடிவெடுத்தேன்.

தைப்பதைப் பார்க்க ஒரு பெரியவரிடம் போய் உட்கார்ந்திருந்தேன். பெரியவர் காலைக் கையைப்போலப் பயன்படுத்துகிறார். கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே தோலின் ஒரு முனையை இறுக்கிப் பிடிக்கிறார். குதிகால் இன்னொரு பக்கத்தை அமுக்குகிறது. குத்தூசி உள்ளே போகும்போது மூச்சை நிறுத்துகிறார், வெளியே வரும்போது விடுகிறார். நூலை இழுக்கும்போது இரண்டு முழங்கையும் பறவை சிறகு விரிப்பதுபோல ஒரே சமயத்தில் வெளியே போகின்றன. தையல் முடிந்ததும் கல்லில் வைத்து ஓரத்தைத் தட்டுகிறார். தட்டும் சத்தத்திலேயே தோல் பதமாக இருக்கிறதா என்று தெரிந்துவிடுமாம்.

“என்னை எதுக்குத் தம்பி வரையுதீய?” என்றார்.

பட்டன் கதைக்கு என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு காலைச் சற்று முன்னே நீட்டி வைத்துக்கொண்டார். “காலு தெரியுதா? அதத்தான் ஒழுங்கா போடணும்.”

அன்றைக்கு முகம் வரையவேயில்லை. கால்களும் கைகளும் மட்டும்.

*

ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோலின் நிறம்: வெளிறிய மஞ்சள், அதற்குள் ஒரு சொட்டுப் பழுப்பு. புதுச் செருப்பில் இந்த நிறம். போட்டு நடக்க நடக்க வியர்வையும் எண்ணெயும் ஏறிக் குதிகால் பதியும் இடமும் விரல் பதியும் ஐந்து குழிகளும் கறுக்கும். வாட்டர்கலரில் முதலில் யெல்லோ ஓக்கர் ஒரு கழுவல், காய்ந்தபின் பர்ன்ட் சியன்னா, கடைசியில் விரல்குழிகளில் மட்டும் செப்பியா. மூன்று அடுக்கு. ஈரத்தில் ஈரம் வைத்தால் தோல் துணியாகிவிடுகிறது.

பட்டன் முதன்முதலாகத் தைத்த செருப்புக்குத் தையல் கோணலாக இருக்க வேண்டும். அடுத்தடுத்த பக்கங்களில் வருகிற செருப்புகளில் தையல் நேராகிக்கொண்டே வர வேண்டும். ஒரு சொல்லும் இல்லாமல் அவன் தொழில் பழகியது தெரிந்துவிடும். சிறுபிள்ளைகள் இதை நிச்சயம் கண்டுபிடிப்பார்கள்.

*

முகம்.

கைக்குத் தானாக வருவது காலண்டர் முகம். நம்மில் யாருக்குமே அப்படித்தான். கோவில்பட்டி சி. கொண்டைய ராஜு (1898–1976) நாடகக் கம்பெனிகளுக்குத் திரை எழுதியவர். அவரும் அவர் மாணாக்கர்களும் வரைந்த முருகனும் லட்சுமியும் மீனாட்சியும் சிவகாசியில் அச்சாகி வீடுதோறும் போய்ச் சேர்ந்தார்கள். ஒரு முழுத் தலைமுறைக்குச் சாமியின் முகத்தைக் கொடுத்தவர் அவர். அந்தத் திறமைக்கு முன்னால் எனக்கு மரியாதை உண்டு. நிழல் விழும் கன்னம், ஈரம் மின்னும் கண், திரைச்சீலை போன்ற வானம் எல்லாம் நாடக மேடையின் விளக்கில் பார்த்துக் கற்றவை.

பட்டனுக்கும் பொம்மக்காளுக்கும் அந்த முகம் ஆகாது. காலண்டர் முகத்தில் வயது இல்லை, வெயில் இல்லை, பசி இல்லை. இவர்கள் காட்டில் அலைந்தவர்கள். வெட்டுப்பட்டும் தீப்பட்டும் செத்தவர்கள். சாவுக்குப் பிறகுதான் தெய்வம். நான் வரைவது சாவுக்கு முந்திய கதையை. அதில் அவர்களுக்குக் கிரீடமும் ஒளிவட்டமும் வைத்தால், செத்துப் போனது யார் என்பதே மறைந்துவிடும்.

பெண்களின் நிறத்தைப் பற்றி ஒரு நண்பர், “கதாநாயகிகளைக் கொஞ்சம் வெளுப்பாகப் போடுங்களேன், அட்டைக்கு நன்றாக இருக்கும்” என்றார். போடமாட்டேன். தாமிரபரணிக் கரையில் வெயிலில் நின்று வேலை செய்கிற பெண்ணின் தோலில் எத்தனை நிறம் இருக்கிறது என்று பார்க்கிறவருக்குத் தெரியும். தோளில் நீலம் விழும், கழுத்தடியில் செம்மை விழும், முழங்கையில் சாம்பல் படியும். கறுப்பை ஒரே குப்பியிலிருந்து எடுத்துப் பூசுகிறவர்கள்தான் வெளுப்பைத் தேடுகிறார்கள்.

*

ஆதிமூலம் (1938–2008) கி. ராஜநாராயணனின் ‘கரிசல் காட்டுக் கடுதாசி’க்கு ஜூனியர் விகடனில் வரைந்த கோடுகளை மறுபடி எடுத்துப் பார்த்தேன். ஒரு சம்சாரியின் தலைப்பாகையை எத்தனை குறைவான கோட்டில் போட்டிருக்கிறார்! துணி சுற்றிய வேகம் தெரிகிறது. அழகு பண்ணாமல் கம்பீரம் கொண்டுவருவது எப்படி என்று அவரிடம் கற்கலாம். நகல் எடுக்கக் கூடாது. அந்தக் கோடு கரிசலுக்கு உரியது. எனக்கு ஆறும் பாறையும் வேண்டும்.

*

உடைக்கு எங்கே போவது? கதைக்குள் சிங்கம்பட்டிப் பாளையக்காரர் வருகிறார். ஆகவே நாயக்கர் காலத்துக்கு முந்திப் போக வேண்டியதில்லை. சினிமா அரண்மனைகளிலிருந்து உடை எடுக்கத் தேவையே இல்லை, நெல்லைச் சீமையிலேயே எல்லாம் இருக்கிறது.

கிருஷ்ணாபுரம் வெங்கடாசலபதி கோவில் மண்டபத்தில் ராஜகுமாரியைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடும் குறவன் சிலை. விலா எலும்பு, புடைத்த நரம்பு, விரல்நகம் வரை கல்லில் இருக்கிறது. ஓடுகிறவன் உடம்பு எப்படி முறுக்கும் என்பதற்கு அதைவிட நல்ல பாடம் கிடையாது. மாட்டைத் தேடி ஓடுகிற பட்டனின் இடுப்பை அங்கே நின்றுதான் வரைந்தேன்.

திருப்புடைமருதூர் நாறும்பூநாதர் கோவில் கோபுரத்துக்குள்ளே, நிலைநிலையாக மூலிகை வண்ண ஓவியங்களும் மரச்சிற்பங்களும். போர் அணிவகுப்பு, குதிரைகளை ஏற்றி வரும் கப்பல், தலைப்பாகைகள், இடைக்கச்சைகள், வாளைச் செருகும் விதம். அந்தக் காலத்து மனிதர்கள் எதை எப்படிக் கட்டிக்கொண்டார்கள் என்று அங்கே சுவரில் இருக்கிறது. படிகள் செங்குத்து, உள்ளே இருட்டு. ஃபிளாஷ் போட்டுப் படம் எடுக்கக் கூடாது, நிறம் போய்விடும். கண்ணைப் பழக்கிக்கொண்டு பென்சிலால் எடுப்பதே நல்லது. மெதுவாக எடுக்கும்போதுதான் ஒன்று கண்ணில் பட்டது: சாதாரண ஆட்களின் வேட்டி முழங்காலுக்கு மேலேயே நிற்கிறது. சினிமாவிலும் தொடர்களிலும் பார்க்கிற, தரையைக் கூட்டும் பட்டு வேட்டி அங்கே எளியவர்களுக்கு இல்லை.

*

இந்த வேலையில் மிக முக்கியமான தீர்மானம் கோட்டிலோ வண்ணத்திலோ இல்லை. பொம்மக்காளும் திம்மக்காளும் யார் பெற்ற பிள்ளைகள்?

ஒரு வழக்கில் அவர்கள் பகடையின் சொந்தப் பிள்ளைகள். இன்னொரு வழக்கில் அவர்கள் பிராமணக் குழந்தைகள், காட்டில் விடப்பட்டவர்கள், பகடை எடுத்து வளர்த்தவர்கள். இரண்டாவது பின்னால் சேர்ந்த ஒட்டு என்று வானமாமலை விளக்கியிருக்கிறார். அதே மாதிரி ஒட்டு மற்றக் கதைகளிலும் உண்டு. மதுரைவீரன் காசி ராசா மகன், கொடி சுற்றிப் பிறந்ததால் காட்டில் விடப்பட்டவன் என்பார்கள். காத்தவராயன் சிவனுக்குப் பிறந்தவன் என்பார்கள். சாதி மீறிக் காதலித்துச் செத்தவர்களை எல்லாம் பிறப்பிலேயே மேலே ஏற்றிவிட்டால் மீறல் என்ற பேச்சே இல்லாமல் போய்விடுகிறது. கொன்றவர்களுக்கும் நிம்மதி.

அந்த ஒட்டு இருக்கும் வரை பட்டன் விட்டுக்கொடுத்தது ஒன்றுமில்லை. பூணூலை அறுத்தது வீண், செருப்புத் தைத்தது வீண். கதையின் முதுகெலும்பே முறிந்துவிடும். எழுத்தில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் சொல்லி, வழக்குகள் இரண்டு உண்டு என்று விட்டுவிடலாம். படத்தில் அப்படி முடியாது. குழந்தை யார் மடியில் இருக்கிறது என்று வரைந்தே ஆக வேண்டும்.

அதனால் புத்தகத்தின் முதல் படம் பிரசவம். குடிசைக்குள் பகடையின் மனைவி, கயிற்றைப் பிடித்துக்கொண்டு முட்டுக்குத்தி உட்கார்ந்திருக்கிறாள். பின்னால் தாங்கிப் பிடிக்கிற கிழவி. மூலையில் பதனிட வைத்த தோல், பானை, தைத்து முடிக்காத ஒற்றைச் செருப்பு. வாசலுக்கு வெளியே பகடை முதுகு காட்டி உட்கார்ந்து, கை சும்மா இருக்க முடியாமல் வாரை அறுத்துக்கொண்டிருக்கிறார். இந்தப் படத்தைப் பார்த்தபின் யாரும் வேறு பிறப்பைச் சொல்ல முடியாது.

பாட்டில் சக்கிலியர் என்று வருகிற சமூகம் இன்று அருந்ததியர். படங்களின் பென்சில் நகலை அந்தக் குடும்பங்களுக்கே முதலில் காட்டினேன். பெண்கள் பிரசவப் படத்தைத்தான் நெடுநேரம் பார்த்தார்கள். “கெழவி கை இன்னும் கொஞ்சம் கீழ இருக்கணும்” என்று ஓர் ஆச்சி திருத்தினார்.

*

நாய்.

வயதான அண்ணாவி ஒருவரிடம் பட்டனுக்கு மீசை உண்டா, கடுக்கன் எந்த மாதிரி என்று விவரம் கேட்டுக்கொண்டிருந்தேன். பொறுமையாகப் பதில் சொல்லிவிட்டு, “எல்லாம் கேக்கியளே தம்பி, நாயப் பத்தி ஒண்ணும் கேக்கலையே?” என்றார். “அது வந்து சொல்லலைன்னா அந்தப் பிள்ளைகளுக்கு யாரு சொல்லியிருப்பா? பாட்டுல அந்த எடத்துல எனக்குத் தொண்டை அடைக்கும்.”

நம் கதைகளில் நாய்க்குப் பெரிய இடம் உண்டு. கொங்கு நாட்டு அண்ணன்மார் கதையில் கொம்பன் என்கிற பெரும்பன்றியைத் தம்பி சங்கர் வெல்வதற்குப் பொன்னாச்சி என்கிற குட்டி நாய்தான் காரணம். வீரப்பூர் படுகளத்தில் அந்தக் கதையை இன்றும் ஆட்களே நடித்துக் காட்டுகிறார்கள். உடுக்கைப் பாட்டுக்கு நடுவே செத்தவர்களாக விழுந்து கிடப்பவர்களைத் தீர்த்தம் தெளித்து எழுப்புகிறார்கள். அந்தப் புத்தகம் எப்போதாவது வரைந்தால் பொன்னாச்சியின் உயரத்திலிருந்தே எல்லாப் படமும் இருக்க வேண்டும்.

பட்டனின் நாய்க்கு இரட்டைப் பக்கம். இடது ஓரத்தில் இருட்டு, வலது ஓரத்தில் கல்யாண வீட்டு வெளிச்சம், நடுவே நாய். காலில் ஒன்றுகூடத் தரையில் இல்லை. வாயைச் சுற்றி மட்டும் சிவப்பு. புத்தகத்தில் குங்குமத்துக்கும் அந்த நாயின் வாய்க்கும் மட்டுமே அந்தச் சிவப்பு வைத்திருக்கிறேன்.

*

தீயை வரையவில்லை.

பெண்கள் உடன்கட்டை ஏறுவது கதையில் இருக்கிறது. அதை மறைக்கப் போவதில்லை. ஆனால் அழகான தீ, நடுவே கைகூப்பிய இரண்டு பெண்கள் என்று ஒரு படம் போட்டால், அது சுவரில் மாட்டுகிற படம் ஆகிவிடும். ஒரு பெண்குழந்தை அதைப் பார்த்து என்ன கற்றுக்கொள்ளும்? பாட்டிலேயே வழி இருக்கிறது. அவர்கள் சிங்கம்பட்டிக்குப் போய் ஜமீனிடம் வாதாடுகிறார்கள். ஜமீன் மறுக்கிறார், பெண்கள் விடுவதில்லை. அதைத்தான் வரைந்திருக்கிறேன். உயரமான திண்ணை, மேலே ஜமீன், கீழே புழுதிக் காலோடு இரண்டு பெண்கள், தலை குனியாமல். அடுத்த பக்கம் வெறும் சாம்பல் நிறம், அதன்மேல் பாட்டின் சேதி இரண்டு வரியில். அதற்கடுத்த பக்கம் கோவில்.

சிங்கம்பட்டி ஜமீனுக்கும் அந்தக் கோவிலுக்கும் உள்ள உறவு கதையோடு நின்றுவிடவில்லை. ஆடி அமாவாசைத் திருவிழாவில் ஜமீன்தார் ராஜ உடை தரித்து அமர்வது வழக்கம். முருகதாஸ் தீர்த்தபதி 2020-இல் காலமாகும் வரை அப்படி அமர்ந்தார். படத்துக்கான திண்ணையும் தலைப்பாகையும் அந்த வழக்கத்திலிருந்து வந்தவை.

*

உருவமே இல்லாத தெய்வத்தை எப்படி வரைவது? இது வேறு புத்தகத்துக்கான குறிப்பு, மறந்துவிடக் கூடாது என்று எழுதுகிறேன். சுடலைமாடன் பல ஊர்களில் வெறும் பீடம்தான். செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்த்துக் கட்டி, மேலே போகப்போகக் குறுகி, வெள்ளையடித்து நிற்கும். கொடையன்று மாலையும் சந்தனமும். கணியான் கூத்தில் மகுடம் என்கிற தோல்கருவி முழங்க, மாடன் பிறப்பும் மயானத்தில் பிணம் தின்றதும் பாடுவார்கள். கேட்கிறவர்கள் மனதில் அவரவர்க்கு ஒரு மாடன். நான் அருவாளும் மீசையும் வைத்து ஒருவரைப் போட்டுவிட்டால் மற்ற மாடன்கள் எல்லாம் போய்விடுவார்கள். பீடத்தையே வரைவது, பக்கத்துக்குப் பக்கம் அதன் நிழல் மட்டும் மாறுவது. இதுவே இப்போதைக்குத் தீர்மானம்.

*

பெரிய எழுத்துப் புத்தகங்கள் சில வைத்திருக்கிறேன். கொண்டித்தோப்பு இரத்தின நாயகர் அன் ஸன்ஸ் போட்டவை. நல்லதங்காள், அல்லி அரசாணி, தேசிங்கு ராஜன். மரக்கட்டையில் செதுக்கி அச்சடித்தது போன்ற தடித்த கோடுகள். கை பெரிது, கண் பெரிது, பின்னணி கிடையாது. ஒரு புத்தகத்து ராஜா இன்னொரு புத்தகத்திலும் வேறு பேரில் உட்கார்ந்திருப்பார். விளக்கு வெளிச்சத்தில் ஒருவர் உரக்கப் படிக்க, பத்துப் பேர் சுற்றி உட்கார்ந்து எட்டிப் பார்த்த புத்தகங்கள் இவை. தூரத்திலிருந்து தெரிய வேண்டும், அதனால் தடித்த கோடு. என் புத்தகத்தையும் ஆசிரியர் ஒருவர் வகுப்பில் தூக்கிப் பிடித்தால் கடைசி பெஞ்சுக்குத் தெரிய வேண்டும். வெளிக்கோட்டை இன்னும் தடிப்பாக்கினேன்.

நல்லதங்காளை எனக்கு வரைய முடியாது என்றே நினைக்கிறேன். வத்திராயிருப்புப் பக்கம் அர்ச்சுனாபுரத்தில் அவளுக்குக் கோவில் இருக்கிறது. அண்ணி கதவைச் சாத்தியதையும் ஏழு பிள்ளைகளைக் கிணற்றில் போட்டதையும் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். பஞ்சத்தில் பசி என்ன செய்யும் என்பதற்குத் தமிழில் அதற்கு மேல் ஒரு கதை இல்லை. தோல்பாவைக் கூத்தில் அதை ஆடுவார்கள். திரைக்குப் பின்னால் பாவை, முன்னால் அதன் நிறங்கள் ஊடுருவிய நிழல். அந்தத் திரை ஒன்று நடுவே இருப்பதால்தான் பார்க்க முடிகிறது.

*

இரவு.

கதையின் பிற்பாதி முழுக்க இருட்டு. அச்சகத்தில் வெறும் கறுப்பு மையில் அடித்தால் சாம்பலாகத்தான் விழும். கறுப்போடு சயான் கொஞ்சம் சேர்த்தால் காட்டு இருட்டு, மெஜந்தா கொஞ்சம் சேர்த்தால் வீட்டு இருட்டு. மொத்த மை கூடினால் காயாமல் எதிர்ப்பக்கத்தில் ஒட்டும். மை நிறையக் குடிக்கும் காகிதம் வேண்டாம் என்று பதிப்பாளரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

காட்டைக் கறுப்பால் நிரப்பிவிட்டு, அதிலிருந்து வெள்ளை மையால் பாறைகளை எடுக்கிறேன். காரையாற்றுப் பாறைகள் உருண்டவை, வெள்ளம் தேய்த்தவை. கரையில் நீர்மருது. அடிமரம் வெளுத்து, பட்டை உரிந்து, வேர் பாறையைக் கவ்விக்கொண்டு நிற்கும். இருட்டிலும் அந்த அடிமரம் தெரியும். குத்துப்பட்ட பட்டன் சாய்வது அதன்மேல்தான்.

இந்த இடம் 1988 முதல் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. வனத்துறைச் சோதனைச் சாவடி தாண்டித்தான் போக வேண்டும். ஆடி அமாவாசைக்கு வரும் கூட்டமும் விட்டுப்போகும் பிளாஸ்டிக்கும் ஆற்றில் இறங்கும் துணிகளும் பெரிய பிரச்சினை. சாமிக்கு வேண்டிக்கொண்டு பழந்துணியை ஆற்றில் விடுகிறவர்கள், பட்டவராயன் நடக்கிற காடு அது என்பதை நினைத்துக்கொண்டால் போதும்.

*

பென்சில் படங்களை அண்ணாவியிடம் காட்டியபோது அவர் படங்களைப் பார்த்துப் பாட ஆரம்பித்தார். புரட்டுகிற வேகத்துக்குப் பாட்டு வந்தது. இரண்டு இடத்தில் பக்கத்தைத் திருப்ப விடாமல் கையை வைத்துக்கொண்டார். அங்கே இன்னும் பாட்டு பாக்கி இருக்கிறது, படம் போதாது என்று அர்த்தம். அந்த இரண்டு இடத்திலும் பக்கம் கூட்டியிருக்கிறேன். ஒன்று, குடுமியை எடுக்கும் இடம். மற்றது, பகடை பட்டனுக்கு முதல் தோல் துண்டைக் கையில் கொடுக்கும் இடம்.

*

பதிப்பாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். நாட்டார் கதைப் புத்தகங்களின் அட்டையில் எழுதியவர் பெயரும் வரைந்தவர் பெயரும் போடுகிறீர்கள். உள்ளே எங்கோ ஒரு மூலையில் ‘வாய்மொழிக் கதை’ என்று இரண்டு சொல். வாய் என்று ஒன்று இருந்தால் அதற்கு உரிய ஆள் ஒருவர் இருக்கிறார். என் புத்தகத்தில் எந்தப் படம் பெரிது, எது சிறிது, எங்கே நிற்க வேண்டும் என்று தீர்மானித்தது ஓர் அண்ணாவியின் குரல். செருப்பின் தையலைச் சொல்லிக்கொடுத்தது ஒரு தொழிலாளியின் கால். அவர்கள் சம்மதித்தால் அவர்கள் பெயர் அட்டையில் வர வேண்டும், விற்பனையில் வரும் உரிமைத்தொகையிலும் அவர்களுக்குப் பங்கு போக வேண்டும். ஒப்பந்தத்தில் அதற்கு ஒரு வரி எழுதினால் போதும். எழுதுங்கள்.